போரும் தபாலும் - 14
பெயர் சொல்லாத முத்திரை

1941 டிசம்பர் 7, ஞாயிறு காலை. பேர்ல் துறைமுகத்தில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீச இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. துறைமுக வாசலில் காவல் சுற்றிக்கொண்டிருந்த அமெரிக்க நாசகாரிக் கப்பல் 'வார்டு', தலைநீட்டிய ஒரு குட்டி நீர்மூழ்கியைச் சுட்டு மூழ்கடித்தது. பசிபிக் போரில் அமெரிக்கா சுட்ட முதல் குண்டுகள் அவை. 2002இல் அந்த நீர்மூழ்கி கடலடியில் கிடைத்தபோது, அதன் கோபுரத்தில் குண்டு துளைத்த ஓட்டை அப்படியே இருந்தது.

இந்தக் கப்பல்காரர்கள் வீட்டுக்கு எழுதிய கடித உறைகளைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

அமெரிக்கக் கப்பல்களுக்குள்ளேயே தபால் நிலையம் நடத்த 1908இல் அனுமதி கிடைத்தது. 1930களில் கப்பல் முத்திரை சேகரிப்பது பெரும் மோகமாக வளர்ந்தது; 1932இல் அதற்கென்று ஒரு சங்கமே உருவானது. சுயவிலாசமிட்ட உறையில் தபால்தலை ஒட்டி அனுப்பினால், கப்பலின் தபால் எழுத்தர் முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவார். வட்டத்துக்குள் கப்பலின் பெயர், பக்கத்துக் கோடுகளுக்கு நடுவே அன்று நின்ற துறைமுகம், இடது ஓரத்தில் வண்ணப்படம். பார்க்க அழகுதான். ஆனால் சேகரிப்பவர் தனக்குத்தானே வரவழைத்துக்கொண்ட உறையில் செய்தி ஏது?

போர் வந்ததும் முத்திரையிலிருந்து கப்பல் பெயர் போய்விட்டது. சில கப்பல்களில் இருந்த முத்திரையிலேயே பெயரைச் செதுக்கி எடுத்தார்கள். 'யு.எஸ். நேவி' என்பதும் தேதியும்தான் மிச்சம். 1942 ஏப்ரல் 1 முதல் தபால்தலையும் இல்லை. அந்த இடத்தில் மாலுமியே 'ஃப்ரீ' என்று எழுதினால் போதும். ஓர் அதிகாரி கடிதத்தைப் படித்து, தணிக்கை முத்திரை குத்தி, தன் இனிஷியலைப் போடுவார்.

இப்படி வெறிச்சென்று இருக்கும் உறைதான் என்னைப் பொறுத்தவரை பொக்கிஷம். துப்பு இடது மேல் மூலையில் இருக்கிறது. அனுப்பியவர் பெயர், பதவி, கப்பல், சான்பிரான்சிஸ்கோ வழி கடற்படை முகவரி. 'வார்டு' என்ற பெயருடன் 'டிடி-139' என்று இருந்தால் அது நாசகாரியாக இருந்த காலம். 1943 தொடக்கத்தில் அதைத் துருப்புகள் ஏற்றும் வேகக் கப்பலாக மாற்றி 'ஏபிடி-16' என்று எண் கொடுத்தார்கள். உறையின் வலப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1941 ஜனவரியில் கப்பல் மறுபடி பணிக்கு வந்தபோது ஏறியவர்களில் பலர் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரத்து ரிசர்வ் வீரர்கள். அந்த ஊர் முகவரி தென்பட்டால், முதல் குண்டு சுட்ட நாளில் கப்பலில் இருந்தவர் எழுதியதாகவும் இருக்கலாம். பணியாளர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வீண்போகாது.

1944 டிசம்பர் 7. சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, பிலிப்பைன்ஸின் ஓர்மாக் விரிகுடாவில் தற்கொலை விமானம் மோதி வார்டு தீப்பற்றியது. காப்பாற்ற வழியில்லை. அதைச் சுட்டு மூழ்கடிக்கும் வேலை 'ஓ'பிரையன்' கப்பலுக்கு வந்தது. அதன் தளபதி வில்லியம் அவுட்டர்பிரிட்ஜ், 1941இல் வார்டின் தளபதியாக நின்று முதல் குண்டுக்கு உத்தரவிட்டவர். ஆகவே 'ஏபிடி-16' என்று மூலையில் எழுதிய வார்டு உறை, முத்திரையில் தேதி மங்கியிருந்தாலும், 1943 தொடக்கத்துக்கும் அந்த நாளுக்கும் இடையில் எழுதப்பட்டது என்று துணிந்து சொல்லலாம்.