உறங்கும் எழுத்துகள்: மரபணுக் கட்டுப்பாடு கண்டறியப்பட்ட வரலாறு

மனித உடல் ஒரே ஓர் உயிரணுவாகத் தன் வாழ்வைத் தொடங்குகிறது. அவ்வணு இரண்டாகி, நான்காகி, எட்டாகிப் பெருகிக் கோடானுகோடியாய்ப் பல்கி உடலாக உருப்பெறுகிறது. ஆயினும் பல்கிய அணுக்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. கண்ணின் அணு ஒளியை உணர்கிறது. தசையின் அணு சுருங்கி விரிகிறது. கல்லீரலின் அணு பித்தம் சுரக்கிறது. ஒரே மூலத்திலிருந்து தோன்றிய இவற்றிடையே இத்துணை வேற்றுமை எவ்வாறு நேர்ந்தது? தசையாகிவிட்ட அணு, கண்ணாவதற்குரிய மரபுக் குறிப்பை இழந்துவிட்டதா? அன்றி, அக்குறிப்பைத் தன்னகத்தே வைத்திருந்தும் பயன்படுத்தாது வாளாவிருக்கிறதா? பார்வைக்கு எளிய இவ்வினா உயிரியல் அறிஞர்களை நெடுங்காலம் அலைக்கழித்தது. அதற்கு விடை கிடைத்த வழியே, மரபணுக்களை உயிரணு எவ்வாறு ஆள்கிறது என்னும் அறிவு பிறந்த வழியுமாகும்.

வைஸ்மனின் பாகப்பிரிவினை

ஜெர்மனியின் பிரைபர்க் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆகஸ்ட் வைஸ்மன் இவ்வினாவுக்குத் துணிந்து ஒரு விடை கூறினார். தந்தை தேடிய நிலத்தை மக்கள் பாகம் பிரித்துக்கொள்வது போல, கருவின் அணு பிளவுபடுந்தோறும் மரபுக் குறிப்புகளும் பங்கிடப்படுகின்றன. உடலின் ஒவ்வோர் அணுவும் தன் பங்கை மட்டும் பெறுகிறது. முழுச் சொத்தும் இனப்பெருக்க அணுக்களிடமே எஞ்சுகிறது என்பது அவர் கொள்கை. 1892-இல் வெளிவந்த அவரது நூல் இதனை விரித்துரைத்தது. 1888-இல் வில்ஹெல்ம் ரூ செய்திருந்த சோதனை இதற்குச் சான்றாக நின்றது. தவளைக் கரு இரண்டு அணுக்களாய் இருந்த நிலையில் ஒன்றைச் சுட்ட ஊசியால் கொன்றார் அவர். எஞ்சிய அணு அரைக் கருவாகவே வளர்ந்தது.

1891-இல் ஹான்ஸ் டிரீஷ் கடல் முள்ளெலியின் கருவைக் கொண்டு அச்சோதனையை வேறு முறையில் செய்தார். இரண்டு அணுக்களையும் குலுக்கித் தனித்தனியே பிரித்தார். பிரிந்த அணு, அளவில் சிறியதாயினும் குறைவற்ற முழு உயிராக வளர்ந்தது. ரூவின் சோதனையில் செத்த அணு உடன் ஒட்டிக்கொண்டிருந்ததே உயிருள்ள அணுவின் வளர்ச்சியைத் திரித்தது எனப் பின்னர்த் தெளிவாயிற்று. தாம் கண்டதற்கு இயற்பியல், வேதியியல் வழியில் விளக்கம் காண இயலாத டிரீஷ், ஆய்வுக்கூடத்தை விட்டு நீங்கி மெய்யியல் பேராசிரியரானார். வினா அப்படியே நின்றது.

ஹான்ஸ் ஸ்பீமன், நியூட் என்னும் நீர்வாழ் உயிரின் முட்டையை மெல்லிய மயிரிழையால் இறுக்கிக் கட்டி, உட்கரு ஒரு பாதியில் மட்டும் இருக்கச் செய்தார். அந்தப் பாதி பலமுறை பிளவுபட்ட பின்னர், ஓர் உட்கருவை மறுபாதிக்குள் நழுவ விட்டார். மறுபாதியும் முழு உயிராயிற்று. முதிர்ந்த அணுவின் உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கிய முட்டையில் வைத்தால் என்ன நேரும் என்று 1938-இல் தம் நூலில் அவர் வினவினார். அதனைச் செய்து பார்க்கும் கருவிகள் அன்று இல்லை.

ஆக்ஸ்போர்டின் தவளைகள்

1952-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ராபர்ட் பிரிக்ஸ், தாமஸ் கிங் ஆகிய இருவரும் அச்சோதனையைத் தவளையில் நிகழ்த்தினர். இளங்கருவின் உட்கருவைப் பெற்ற முட்டைகள் தலைப்பிரட்டைகளாயின. ஆனால் உட்கருவைத் தந்த கரு முதிர முதிர வெற்றி அருகியது. ஒரு கட்டத்திற்குப் பின் அற்றே போயிற்று. வைஸ்மன் கூறியது முற்றிலும் தவறன்று, முதிரும் அணு எதையோ இழக்கத்தான் செய்கிறது என்னும் எண்ணம் மீண்டும் வலுப்பெற்றது.

இந்நிலையில் ஆக்ஸ்போர்டில் ஆய்வு மாணவராயிருந்த ஜான் கர்டன் ஆப்பிரிக்க நகத்தவளையைக் கையிலெடுத்தார். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்னும் பழமொழிக்கு இவர் ஒரு விலக்கு. 1949-இல் பள்ளியில் உயிரியல் பாடத்தில் 250 மாணவருள் கடைசி இடம் பெற்றவர். இவர் அறிவியலாளராக விரும்புவது நகைப்புக்குரியது என்று ஆசிரியர் எழுதிய அறிக்கையைச் சட்டமிட்டுத் தம் அறையில் வைத்திருந்தவர். இரைதேடி உண்ணத் தொடங்கிவிட்ட தலைப்பிரட்டையின் குடல் அணுவிலிருந்து உட்கருவை எடுத்து, புறஊதாக் கதிரால் உட்கரு அழிக்கப்பட்ட முட்டையில் அவர் செலுத்தினார். பெரும்பாலான முட்டைகள் வீணாயின. நூற்றுக்கு ஒன்றிரண்டே தலைப்பிரட்டைகளாயின. ஆனால் அந்த ஒன்றிரண்டே போதுமாயிருந்தன. குடல் அணுவினுள் கண்ணும் தோலும் நரம்பும் ஆவதற்குரிய குறிப்புகள் யாவும் குறைவின்றி இருந்தாலன்றி அவை பிறந்திருக்க இயலாது. 1962-இல் அவர் கட்டுரை வெளிவந்தது. முந்தைய சோதனையாளர் பெயர் பெற்றவராதலின் இளைஞர் ஒருவரின் முடிவைப் பலரும் ஐயுற்றனர். 1966-இல், இனம்பெருக்கவல்ல முழுத்தவளைகளையே குடல் அணுக்களின் உட்கருவிலிருந்து பெற்றதாக அவர் அறிவித்தார். சொத்து பாகம் பிரிக்கப்படவில்லை. ஒவ்வொரு பிள்ளையிடமும் முழுச் சொத்தும் இருந்தது.

இதற்கு விலக்குகளும் உண்டு. நோயெதிர்ப்பு அணுக்கள் சில தம் மரபு இழையில் ஒரு சிறு பகுதியை வெட்டி ஒட்டிக்கொள்வதைச் சுசுமு தோனகாவா 1976-இல் காட்டினார். முதிர்ந்த மனிதச் செங்குருதியணு உட்கருவையே நீக்கிவிடுகிறது. இவை விலக்குகளே, விதி கர்டன் கண்டதே.

பூட்டும் திறவும்

அங்ஙனமாயின், வைத்திருக்கும் குறிப்பை அணு படிக்காமலிருப்பது எவ்வாறு? உட்கருவிலுள்ள டி.என்.ஏ. இழை நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டது. மனிதனில் புரதம் செய்யும் குறிப்பைத் தாங்கிய மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. தேவையான மரபணு ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது, அப்படியைக் கொண்டு புரதம் உருவாகிறது. ஒரே அகராதி எல்லார் வீட்டிலும் இருந்தாலும், கவிஞர் எடுக்கும் சொல் வேறு, கணக்கர் எடுக்கும் சொல் வேறு. அணுக்களின் வேற்றுமையும் அத்தகையதே.

1961-இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவா ஜேக்கப், ஜாக் மோனோ இருவரும் ஒரு பாக்டீரியாவில் முதற்பூட்டைக் கண்டனர். பால் சர்க்கரை இல்லாதபோது, அதனைச் செரிக்கும் மரபணுக்களின் முகப்பில் ஒரு புரதம் அமர்ந்து படியெடுப்பைத் தடுக்கிறது; சர்க்கரை வந்ததும் விலகுகிறது. ஆனால் பாக்டீரியா நொடிக்கு நொடி உணவுக்கேற்ப மாறும் தனியணு. வாழ்நாள் முழுதும் நரம்பாகவே நிற்க வேண்டிய அணுவுக்கு அப்பூட்டு மட்டும் போதாது.

அதே 1961-இல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் மேரி லயன், பெண் சுண்டெலிகளின் திட்டுத்திட்டான நிறத்தை ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டார். பெண்பாலுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு. கருவின் தொடக்க நிலையிலேயே ஒவ்வோர் அணுவும் இரண்டில் ஒன்றை அடக்கிவிடுகிறது. அதன் வழித்தோன்றல்கள் யாவும் அதையே அடக்கிவைக்கின்றன. கருமையும் செம்மையும் விரவிய பூனை ஏறத்தாழ எப்போதும் பெண்ணாயிருப்பதன் காரணம் இதுவே. 2001-இல் டெக்சாஸில் அத்தகைய மூவண்ணப் பூனை ஒன்றன் அணுவிலிருந்து படியெடுத்துப் பிறந்த குட்டியின் உடலில் செம்மையே இல்லை. தாயணுவில் அடங்கியிருந்த செந்நிற மரபணு, முட்டைக்குள் புகுந்த பின்னரும் விழிக்கவில்லை.

இத்துணை உறுதியான அடக்கம் எதனால் ஆவது? 1884-இலேயே ஆல்பிரெக்ட் கோசல் பறவைக் குருதியணுக்களில் ஹிஸ்டோன் என்னும் புரதத்தைக் கண்டிருந்தார். ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள மனித டி.என்.ஏ. இழை, கண்ணுக்குத் தெரியாத உட்கருவில் அடங்குவது இப்புரதங்களைச் சுற்றிக்கொள்வதால்தான். எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த உருளையில் நூலைப் போல இழை சுற்றப்பட்டுள்ளது என்பதை 1974-இல் ரோஜர் கோர்ன்பெர்க் தெளிவாக்கினார். நெடுங்காலம் இவை வெறும் நூற்கண்டுகளாகவே கருதப்பட்டன. நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த வின்சென்ட் ஆல்பிரி மட்டும் 1964-இல் மாறாகக் கூறினார். ஹிஸ்டோன் மீது அசிட்டைல் என்னும் சிறு தொகுதி ஏறினால் படியெடுப்பு கூடுகிறது என்பது அவர் கண்டது. பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. 32 ஆண்டுகள் கழித்து, 1996-இல், டேவிட் ஆலிஸ் குழுவினர் டெட்ராஹைமினா என்னும் நன்னீர்த் தனியணு உயிரியில் அத்தொகுதியை ஏற்றும் நொதியைப் பிரித்தெடுத்தனர். ஈஸ்ட்டில் மரபணுக்களைத் தூண்டுவதாக முன்பே அறியப்பட்ட ஒரு புரதத்தின் இனமாக அது இருந்தது. ஆல்பிரியின் கூற்று மெய்யாயிற்று.

வேறு பூட்டுகளும் திறவுகளும் தெரியவந்தன. டி.என்.ஏ. எழுத்தின் மீதே மெத்தில் தொகுதி ஒட்டி மரபணுவை அடக்குவதும், அணு பிளவுபடும்போது அக்குறி வழிவழி வருவதும் உணரப்பட்டன. 1981-இல், மரபணுவுக்குத் தொலைவில் நின்றே அதனைத் தூண்டும் பகுதிகள் கண்டறியப்பட்டன. கை கால் வளர்ச்சிக்குரிய ஒரு தூண்டி, தன் மரபணுவிலிருந்து ஏறத்தாழ பத்து லட்சம் எழுத்துகளுக்கு அப்பால் உள்ளது. 1993-இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் குழுவினர் ஒரு நுண்புழுவில், படியெடுத்த பின்னரும் செய்தியை அடக்கும் மிகச் சிறு ஆர்.என்.ஏ.வை விளக்கினர். அதற்கு நோபல் பரிசு 2024-இல் வந்தது.

விழித்தெழுந்த அணு

தவளைக்கு இயன்றது பாலூட்டிக்கும் இயலுமா என்னும் ஐயத்தை, 1996-இல் எடின்பரோ அருகே பிறந்த டாலி என்னும் ஆடு தீர்த்தது. ஆறு வயது ஆட்டின் மடியணுவிலிருந்து, 277 முயற்சிகளில் பிறந்த ஒரே குட்டி அது. முட்டையின் துணையின்றியே அணுவை எழுப்ப முடியும் என்பதை 2006-இல் கியோட்டோவில் ஷின்யா யமனாகா காட்டினார். 24 மரபணுக்களில் தொடங்கி, ஒவ்வொன்றாய் விலக்கிப் பார்த்து, நான்கு போதும் என்று கண்டார். அந்நான்கையும் செலுத்தியதும் சுண்டெலியின் தோலணு கருநிலை அணு போலாயிற்று. கர்டனின் கட்டுரை வெளிவந்த 1962-இல் பிறந்தவர் யமனாகா. இருவரும் 2012-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

எழுப்புதல் எப்போதும் நன்மையாவதில்லை. அந்நான்கு மரபணுக்களுள் ஒன்று புற்றுநோயோடு தொடர்புடையது. அடங்கியிருக்க வேண்டியது விழித்தாலும், விழித்திருக்க வேண்டிய காவல் மரபணு அடங்கினாலும் புற்று தோன்றக்கூடும். மெத்தில் குறிகளைக் குறைக்கும் அசாசிடிடின் என்னும் மருந்து, எலும்பு மச்சை நோய் ஒன்றுக்காக 2004-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆகவே அணுவின் அடக்கத்தைக் குறை என்று கொள்ளுதல் பொருந்தாது. உறுப்புகள் உறுப்புகளாய் நிற்பது அவ்வடக்கத்தால்தான்.

2014-இல் ஜப்பானில், பார்வை மங்கிய எழுபது வயது கடந்த பெண்மணி ஒருவரின் தோலணுக்களை யமனாகாவின் முறையால் கருநிலைக்கு மீட்டு, விழித்திரையின் அணுக்களாக வளர்த்து அவர் கண்ணிலேயே மருத்துவர்கள் பொருத்தினர். இழந்த பார்வை மீளவில்லை. மேலும் மங்காமல் நின்றது. பயன் சிறிதாயினும் அது உணர்த்தியது பெரிது. தோல், கண்ணாவதற்குரிய எழுத்துகளை எழுபது ஆண்டுகளாகப் படிக்காமலே காத்துவைத்திருந்தது. வைஸ்மன் இழப்பு என்று எண்ணியது உறக்கமே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.