தேடுபொறிப் போட்டியும் எதிர்மறை விளம்பரமும்

தன் தேடுபொறியின் சிறப்பைச் சொல்வதை விட்டுவிட்டு, போட்டித் தேடுபொறியின் குறையைச் சொல்லிப் பயனரை இழுக்கும் முறை தேடுபொறி எதிர்மறை விளம்பரம் எனப்படும். பற்பசை, சொட்டு நீலம், குளிர்பானம் விற்பவர்களுக்கு இது பழைய பழக்கம். இணையத் தேடலில் இதன் உச்சம், மைக்ரோசாப்ட் 2012 முதல் 2014 வரை கூகுளைத் தாக்கி நடத்திய ‘ஸ்க்ரூகுல்டு’ விளம்பர இயக்கம். இந்தியாவில் தேடல் பற்றிய சண்டை விளம்பரப் பலகையைவிட நீதிமன்றத்தில்தான் அதிகம் நடந்தது. அதன் முக்கியமான களங்களில் ஒன்று சென்னை உயர் நீதிமன்றம்.

தொடக்கக் காலம்

முதலில் போட்டி எண்ணிக்கையில் இருந்தது. 2005 ஆகஸ்டில் யாகூ தன்னிடம் 1,900 கோடிக்கு மேற்பட்ட ஆவணங்களின் அட்டவணை இருப்பதாக அறிவித்தது. அடுத்த மாதமே கூகுள், தன் முகப்பில் காட்டிவந்த பக்க எண்ணிக்கையை எடுத்துவிட்டது. 2007-இல் ஆஸ்க்.காம் நிறுவனம் தகவல் ஒரே நிறுவனத்தின் கையில் சிக்கிவிட்டது என்று லண்டன் சுரங்க ரயில்களில் விளம்பரம் செய்தது. யாரைச் சொல்கிறார்கள் என்பது எல்லோருக்கும் புரிந்தது, ஆனால் ஆஸ்க்.காமுக்கு அதனால் கூட்டம் சேரவில்லை.

2011-இல் இரண்டு சம்பவங்கள் நடந்தன. ஜனவரியில் டக்டக்கோ என்ற சிறிய தேடுபொறி சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சாலையோரப் பலகையை நான்கு வாரத்துக்கு 7,000 டாலர் கொடுத்து எடுத்தது. கூகுள் உங்களைப் பின்தொடர்கிறது, நாங்கள் பின்தொடர்வதில்லை என்பதே அதன் செய்தி. பலகையைப் பார்த்தவர்களைவிடப் பத்திரிகைகளில் அதைப் பற்றிப் படித்தவர்களே அதிகம். குறைந்த செலவில் பெரும் பெயர் வாங்கித் தந்த எதிர்மறை விளம்பரம் என்று இதைச் சொல்லலாம்.

பிப்ரவரியில் கூகுளே குற்றம் சாட்டும் இடத்துக்கு வந்தது. அதன் பொறியாளர்கள் சுமார் 100 அர்த்தமற்ற எழுத்துக் கோவைகளை உருவாக்கி, அவற்றைத் தேடினால் சம்பந்தமே இல்லாத பக்கங்கள் வருமாறு கூகுளில் வைத்தார்கள். பிறகு மைக்ரோசாப்டின் உலாவியில், அதன் தேடுபொறியான பிங்கின் கருவிப்பட்டையை இயக்கி அவற்றைத் தேடினார்கள். சில வாரங்களில் அவற்றுள் சில கோவைகளுக்குப் பிங்கிலும் அதே பக்கங்கள் வந்தன. பிங் எங்களைக் காப்பியடிக்கிறது என்றது கூகுள். பயனர்கள் ஒப்புதலுடன் தரும் சொடுக்குத் தகவல் நாங்கள் பயன்படுத்தும் பல அறிகுறிகளில் ஒன்று, அவ்வளவே என்றது மைக்ரோசாப்ட். பொறி வைத்துப் பிடித்த இந்த ஆதாரம், பிறகு வந்த எந்த விளம்பரத்தையும்விடக் கூர்மையானது.

ஸ்க்ரூகுல்டு

ஸ்க்ரூகுல்டு இயக்கத்தின் மூளையாக இருந்தவர் மார்க் பென். தேர்தல் களத்திலிருந்து வந்தவர். 1996-இல் பில் கிளின்டனின் மறுதேர்தலுக்குக் கருத்துக்கணிப்பு நடத்தினார். 2008-இல் ஹிலாரி கிளின்டனுக்கு வியூகம் வகுத்தார். 2011 மே மாதம், கூகுளைப் பற்றிப் பத்திரிகைகளில் எதிர்மறைச் செய்தி வரவைக்க ஃபேஸ்புக் ஒரு மக்கள்தொடர்பு நிறுவனத்தை ரகசியமாக அமர்த்திய விவகாரம் வெடித்தது. பர்சன்-மார்ஸ்டெல்லர் என்ற அந்த நிறுவனத்தின் தலைவராக அப்போது இருந்தவரும் பென்தான். 2012-இல் அவர் மைக்ரோசாப்டில் சேர்ந்தார். எதிரணி வேட்பாளரின் பலவீனத்தைக் கண்டுபிடித்து அதையே திரும்பத் திரும்ப அடிக்கும் அமெரிக்கத் தேர்தல் வித்தை அப்படியே தேடலுக்கு வந்தது.

2012 நவம்பரில் முதல் அடி விழுந்தது. கூகுள் தன் பொருள் தேடல் பகுதியைக் கட்டணம் செலுத்தும் வணிகர்களுக்கு மட்டும் என்று மாற்றியிருந்தது. பணம் கொடுத்தவனைத்தான் காட்டுகிறார்கள் என்று மைக்ரோசாப்ட் முழங்கியது. குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. ஆனால் பிங்கின் பொருள் தேடலிலும் வேறொரு நிறுவனம் வழியாகக் கட்டணப் பட்டியல்கள் இடம்பெறுவதைத் தொழில்நுட்பச் செய்தியாளர்கள் உடனே எடுத்துக்காட்டினார்கள். 2013 பிப்ரவரியில் இரண்டாவது அடி: விளம்பரம் காட்டுவதற்காக ஜிமெயில் உங்கள் கடிதங்களைப் படிக்கிறது. பிறகு ஆண்ட்ராய்டு செயலிக் கடை, குரோம்புக் கணினி என்று இலக்குகள் மாறின. 2013 நவம்பரில் கூகுளைக் கேலி செய்யும் காபிக் குவளைகளும் பனியன்களும் மைக்ரோசாப்ட் கடையில் விற்பனைக்கே வந்தன.

இவ்வளவு சத்தத்துக்கும் விளைவு சொற்பம். இயக்கம் நடந்த காலம் முழுவதும் அமெரிக்கத் தேடலில் மூன்றில் இரண்டு பங்கு கூகுளிடமே இருந்தது. 2014 பிப்ரவரியில் சத்யா நாதெல்லா மைக்ரோசாப்டின் தலைமைச் செயல் அதிகாரியானார். பென் வேறு பொறுப்புக்கு மாற்றப்பட்டார். அந்த ஆண்டிலேயே இயக்கம் ஓய்ந்தது. ஓயும் முன் ஓர் அவமானமும் நேர்ந்தது. நிறுவன ரகசியத்தைக் கசியவிட்ட ஊழியரைக் கண்டுபிடிக்க, ஒரு வலைப்பதிவரின் ஹாட்மெயில் கணக்கை மைக்ரோசாப்டே திறந்து பார்த்தது 2014 மார்ச்சில் வெளியானது. அடுத்தவன் கடிதத்தைப் படிக்கிறான் என்று ஊர் முழுக்கப் பறையடித்த நிறுவனம் அதன்பின் தன் விதிகளை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. விளம்பரத்துக்காக ஜிமெயில் கடிதங்களை ஆராய்வதை நிறுத்தப்போவதாகக் கூகுள் அறிவித்தது 2017-இல்தான்.

இந்தியச் சட்டம்

இப்படி ஒரு விளம்பரம் இந்தியாவில் வந்திருந்தால் நீதிமன்றத் தடை எளிதில் கிடைத்திருக்கலாம். 1999-இல் ராபின் நீலத்துக்கும் உஜாலா சொட்டு நீலத்துக்கும் நடந்த வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம் எல்லைக்கோட்டைத் தெளிவாக்கியது. என் சரக்கே உலகில் சிறந்தது என்று, அது உண்மையில்லாவிட்டாலும், சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவர் சரக்கோடு ஒப்பிடலாம். அடுத்தவர் சரக்கு மட்டம் என்று மட்டும் சொல்லக் கூடாது. சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் கறாராக இருந்தது. கோல்கேட்–ஆங்கர் பற்பசை வழக்கில் 2008-இல் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன், பொய்யான தற்பெருமையும் நுகர்வோரை ஏமாற்றுவதே என்று கருதி, ‘ஒரே’, ‘முதல்’ போன்ற சொற்களை விளம்பரத்தில் பயன்படுத்தத் தடை விதித்தார்.

தேடல் பக்கத்தில் நடக்கும் சண்டைக்கு இந்த அளவுகோல் சரியாகப் பொருந்துவதில்லை. அங்கே யாரும் யாரையும் திட்டுவதில்லை. தென்காசி மாவட்ட ராயகிரியில் இருக்கும் ஒருவர் குற்றாலத்து விடுதி ஒன்றின் பெயரைக் கைபேசியில் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெயரைத் திறவுச்சொல்லாக ஏலத்தில் எடுத்த வேறொரு விடுதியின் விளம்பரம் முதலில் வந்து நிற்கலாம். பெயருக்கு உரியவர் தன் பெயருக்கே பணம் கட்டி மேலே வர வேண்டும். வசைச்சொல் ஒன்றுகூட இல்லாமலே வாடிக்கையாளர் கைமாறிவிடுகிறார்.

சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனி நிறுவனம் கூகுள் மீதும் ஷாதி உள்ளிட்ட போட்டித் திருமணத் தளங்கள் மீதும் தொடுத்த வழக்கு இதைப் பற்றியதுதான். தங்கள் வணிகப் பெயர்களைத் தேடினால் போட்டியாளர் விளம்பரம் வருகிறது என்பது அவர்களின் முறையீடு. 2010 செப்டம்பர் 30 அன்று அதே நீதிபதி ராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை தர மறுத்தார். மொழி அல்லது சமூகத்தின் பெயரோடு ‘மேட்ரிமோனி’ சேர்ந்த பெயர்கள் தொழிலை விவரிக்கும் பொதுச்சொற்கள். அவற்றை ஒருவரே உரிமை கொண்டாடிப் பூட்டிவைக்க முடியாது என்பது முக்கியக் காரணம். தடை கிடைக்காவிட்டாலும், திறவுச்சொல் விளம்பரத்தின் சட்டச் சிக்கலை இந்தியாவில் முதன்முதலில் விரிவாக அலசிய தீர்ப்புகளுள் இது ஒன்று. 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் இன்னோர் அடி முன்னே வைத்தது: வணிகச் சின்னத்தைத் திறவுச்சொல்லாக விற்பதில் கூகுள் வெறும் பார்வையாளர் அல்ல, பங்காளி, ஆனால் பயனருக்குக் குழப்பம் நேராதவரை அது மட்டுமே உரிமை மீறல் ஆகாது.

பாரத் மேட்ரிமோனி 2012-இல் இந்தியப் போட்டி ஆணையத்திடமும் போனது. 2018 பிப்ரவரி 8 அன்று ஆணையம், தேடல் முடிவுகளில் தன் சொந்தச் சேவைகளுக்குச் சாதகம் காட்டியதற்காகக் கூகுளுக்கு ரூ.135.86 கோடி அபராதம் விதித்தது. திறவுச்சொல் விளம்பரத்தில் மீறல் இல்லை என்றும் சொன்னது. முறையிட்டவரின் நேரடிக் காயத்துக்கு மருந்து கிடைக்கவில்லை என்பதே இதன் பொருள்.

முன்னமைவு என்னும் ஆயுதம்

விளம்பரத்தால் அசையாத பயனர் எதனால் கட்டுண்டிருக்கிறார் என்பது கூகுள் மீதான அமெரிக்க ஏகபோக வழக்கில் வெளிவந்தது. கைபேசிகளிலும் உலாவிகளிலும் தன் தேடுபொறியே முன்னமைவாக இருப்பதற்காகக் கூகுள் 2021-இல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். அந்தப் பணத்துக்கு முன்னால் காபிக் குவளைக் கேலியெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு.

கேலியில்லாத எதிர்மறை விளம்பரமும் உண்டு. தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் சோகோ நிறுவனம் 2023-இல் ‘உலா’ என்ற உலாவியை வெளியிட்டது. இது தேடுபொறி அல்ல. பயனரைப் பின்தொடரும் நிரல்களைத் தடுப்பதாகச் சொல்லி அது விற்கும் முறை, டக்டக்கோ பலகையின் மென்மையான வடிவம்: எதிரியின் பெயர் இருக்காது, ஆனால் கேட்பவருக்குப் புரியும். ஸ்க்ரூகுல்டு வகையைவிட இதுவே நேர்மையானது. தான் செய்யாத ஒன்றைத்தான் அடுத்தவரிடம் குறையாகக் காட்டுகிறது.

முன்னமைவின் பிடியைத் தளர்த்தும் முயற்சி இந்தியாவிலும் நடந்தது. போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு தொடர்பாக ரூ.1,337.76 கோடி அபராதமும் சில கட்டளைகளும் விதித்தது. அதையடுத்து, இந்தியாவில் புதிய ஆண்ட்ராய்டு கைபேசியை அமைக்கும்போது தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் காட்டப்படும் என்று 2023 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. புதுக் கைபேசி வாங்குவோர் ‘அடுத்து, அடுத்து’ என்று தட்டிக்கொண்டே போகாமல் அந்தப் பட்டியலில் சற்று நின்று பார்க்கலாம்.