நாமெல்லாம் 'லோ ஐடி' ஆன கதை

போன சனிக்கிழமை ராத்திரி ஒரு பழைய லினக்ஸ் பதிப்பை டொரண்ட்ல இறக்கலாம்னு போட்டுட்டுத் தூங்கப் போனேன். காலைல எழுந்து பார்த்தா 0.0 சதவீதம். முழுக் கோப்பும் வச்சிருக்கிறவங்க மூணு பேர் இருக்காங்கன்னு பட்டியல் சொல்லுது. ஆனா ஒருத்தரோடயும் இணைப்பு கிடைக்கலை. 'கனெக்டிங்' அப்படின்னு வரும், கொஞ்ச நேரத்துல போயிடும், மறுபடி வரும்.

ஃபயர்வாலைப் பார்த்தேன், ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் பண்ணினேன், மென்பொருளை மாத்திக்கூடப் பார்த்தேன். ம்ஹூம். கடைசியா ரவுட்டர் பக்கத்துல அதோட வெளி முகவரி என்னன்னு பார்த்தப்பதான் விஷயம் புரிஞ்சது. அது 100.74-ன்னு ஆரம்பிக்குது. வெளி உலகத்துக்குத் தெரியற என் முகவரியோ வேற ஏதோ ஒண்ணு. அதாவது, நான் திறந்து வச்சது என் ரூம் கதவை மட்டும்தான். காம்பவுண்ட் கேட்டுக்கு வேற யாரோ பூட்டுப் போட்டிருக்காங்க.

இந்தப் பூட்டு எப்படி வந்ததுங்கிறது முப்பது வருஷக் கதை. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கங்க :-)

ஆளுக்கு ஒரு நம்பர்

1983 ஜனவரி 1-ஆம் தேதி ஆர்ப்பாநெட் டி.சி.பி./ஐ.பி.க்கு மாறுச்சு. ஒவ்வொரு கணினிக்கும் 32 பிட் முகவரி. மொத்தம் சுமார் 429 கோடி. அப்போ யாருக்கும் இது பத்தாதுன்னு தோணியிருக்காது. எந்தக் கணினியும் எந்தக் கணினியையும் நேரா கூப்பிடலாம், இதுதான் அடிப்படை. 'இவர் பரிமாறுகிறவர், இவர் சாப்பிடுகிறவர்' அப்படிங்கிற பேதம் வலையோட அமைப்புல கிடையாது.

தொண்ணூறுகள்ல கூட்டம் சேர ஆரம்பிச்சதும் நம்பர் தீர்ந்துடும்னு பயம் வந்தது. 1994 மே மாசம் எகிவாங், ஃபிரான்சிஸ்னு ரெண்டு பேர் ஆர்.எஃப்.சி. 1631-ஐ எழுதினாங்க. உள்ளே இருக்கிற கணினிகளுக்கு உள்நம்பர் கொடுத்துக்கலாம், வெளியே போகும்போது மட்டும் பொது நம்பரா மாத்திக்கலாங்கிற யோசனை. இதுதான் நாட். 1996 பிப்ரவரியில ஆர்.எஃப்.சி. 1918 வந்து 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 ஆகிய தொகுதிகளை உள்நம்பர்களுக்குன்னு ஒதுக்கினது. உங்க வீட்டு 192.168.1.1 அங்கேருந்து வந்ததுதான்.

ஆபீஸ் போர்டு நம்பர் மாதிரி நினைச்சுக்கங்க. நாம எக்ஸ்டென்ஷன்ல இருந்து வெளியே கூப்பிடலாம். ரவுட்டர் அதை ஒரு நோட்டுல குறிச்சு வச்சுக்கிட்டு, பதில் வந்தா நம்மகிட்ட கொடுக்கும். யாராவது தானா வெளியிலேருந்து கூப்பிட்டா? நோட்டுல பேர் இல்லை, அதனால போர்டோட நின்னுடும். மெயில் பார்க்க, வெப்சைட் படிக்க இது போதும், ஏன்னா அங்கெல்லாம் எப்பவும் நாமதான் கூப்பிடறோம். அதனால எதை இழந்தோம்னு ரொம்ப நாள் யாருக்கும் தெரியலை.

இதில் ஒரு வேடிக்கை என்னன்னா, நாட் நீண்டகாலத் தீர்வுக்கு ஏத்தது இல்லைன்னு அந்த 1994 ஆவணமே சொல்லுது. தற்காலிகக் கொட்டாய்னு சொல்லித்தான் போட்டாங்க. நாம அதிலேயே குடியிருக்கோம்.

நாப்ஸ்டர் முதல் கழுதை வரை

1999 ஜூன்ல ஷான் ஃபேனிங் நாப்ஸ்டரை வெளியிட்டார். நடு சர்வர்ல யார்கிட்ட என்ன பாட்டு இருக்குங்கிற பட்டியல் மட்டும். பாட்டு ஒரு கணினியிலேருந்து இன்னொரு கணினிக்கு நேரா போகும். சாதாரண ஜனங்களோட கணினியை வெளியிலேருந்து கூப்பிட வேண்டிய தேவை பெரிய அளவுல வந்தது இங்கதான். பாட்டு வச்சிருக்கிறவர் நாட்டுக்குப் பின்னாடி இருந்தா என்ன பண்றது? சர்வர் அவருக்கு 'நீயே அந்த ஆளைக் கூப்பிட்டுக் கொடு' அப்படின்னு சொல்லி அனுப்பும். சரி, ரெண்டு பேருமே பின்னாடி இருந்தா? ஒண்ணும் பண்ண முடியாது.

இந்த விதியை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க: ரெண்டு பேர்ல ஒருத்தர் கதவாவது திறந்திருக்கணும். இதுக்கப்புறம் நடந்ததெல்லாம் இந்த விதியைச் சுத்தி நடந்த போராட்டம்தான்.

2000 மார்ச்ல நல்சாஃப்ட்டிலேருந்து நூட்டெல்லா வந்தது. இதுல நடு சர்வரே கிடையாது. அப்போ 'நீயே கூப்பிடு' செய்தியை யார் கொண்டு போறது? ஒருத்தர் மாத்தி ஒருத்தரா கைமாத்தி அனுப்பினாங்க. அதுக்குப் பேர் 'புஷ்'. நடுவுல ஒருத்தர் கணினியை அணைச்சுட்டுப் போயிட்டா செய்தி அங்கேயே காலி.

இதே 2000-த்துல ஈடாங்கி, 2002-ல் அதோட தம்பி ஈமியூல் (கழுதையும் கோவேறு கழுதையும்!). இவங்கதான் விஷயத்தைப் போட்டு உடைச்சாங்க. நீங்க சேர்ந்ததும் சர்வர் உங்க போர்ட்டைத் திருப்பிக் கூப்பிட்டுப் பார்க்கும், வழக்கமா 4662. நீங்க எடுத்தா, உங்க ஐ.பி. முகவரியிலேருந்து கணக்குப் போட்டு ஒரு 'ஹை ஐடி'. எடுக்கலைன்னா 1,67,77,216-க்குக் கீழே ஒரு நம்பர், அதான் 'லோ ஐடி'. லோ ஐடியும் லோ ஐடியும் சேராது. ஜாதகம் பார்க்கிற மாதிரி இருக்குல்ல?

2001 ஜூலை 2-ஆம் தேதி பிராம் கோஹன் பிட்டொரண்ட்டை வெளியிட்டார். வழக்கமான போர்ட்கள் 6881 முதல் 6889 வரை. இதுல ஒரு கோப்புக்கு ஒரு பெரிய கூட்டம். கூட்டத்துல சில பேர் கதவு திறந்திருந்தாலே போதும், மூடின கதவுக்காரங்க எல்லாரும் அவங்களைக் கூப்பிட்டு வேலையை முடிச்சுக்கலாம். அதனாலதான் 'எனக்கு போர்ட் திறக்காமலேயே நல்லா வருதே' அப்படின்னு பல பேர் சொல்றாங்க. உண்மைதான், யாரோ ஒருத்தர் திறந்து வச்ச புண்ணியம் அது. கூட்டம் மூணு பேராச் சுருங்கும்போதுதான் சாயம் வெளுக்கும். என் சனிக்கிழமை கதை அதுதான்.

திறக்கிற வித்தைகளும் திணறடிச்சவங்களும்

2004 ஆகஸ்ட்ல விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்தது. ஃபயர்வால் தானாவே போட்டு வந்தது. கூடவே, இன்னும் பதில் வராத இணைப்பு முயற்சிகள் ஒரே நேரத்துல 10-க்கு மேல கூடாதுன்னு ஒரு கட்டுப்பாடு. புழுக்கள் வேகமா பரவுறதைத் தடுக்கத்தான் அது. ஆனா நூறு முகவரியைக் கூப்பிட்டுப் பார்க்கிற டொரண்ட் மென்பொருளும் வரிசையில நின்னது. ஈவண்ட் 4226-ன்னு சொன்னா அந்தக் காலத்து ஆளுங்களுக்கு இன்னும் பல்லு கூசும்.

கதவு திறக்க ரெண்டு வித்தை வந்தது. ஒண்ணு யு.பி.என்.பி.: மென்பொருளே ரவுட்டர்கிட்ட 'இந்தப் போர்ட்டைத் திற' அப்படின்னு கேட்டுக்கும். வசதிதான், ஆனா கடவுச்சொல் எதுவும் கேட்காது. உள்ளே நுழைஞ்ச வைரஸ் கேட்டாலும் திறந்துவிடும். அதனால பல பேர் அதை அணைச்சு வைக்கிறாங்க.

இன்னொண்ணு ஓட்டை போடறது. மூடின கதவுக்காரங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடணும். ரெண்டு ரவுட்டர் நோட்டுலயும் பேர் ஏறிடுமா, வர்றதைப் பதில்னு நினைச்சு உள்ளே விட்டுடும். ரெண்டு பேருக்கும் தகவல் சொல்ல வெளியில ஒரு மூணாவது ஆள் வேணும். 2005-ல் ஃபோர்டு, ஸ்ரீசுரேஷ், கேகல் மூணு பேரும் எழுதின ஆய்வுல, சோதிச்ச நாட் கருவிகள்ல யு.டி.பி.க்கு சுமார் 82 சதவீதமும், டி.சி.பி.க்கு சுமார் 64 சதவீதமும் இந்த வித்தைக்கு ஒத்துழைச்சது. 2010-ல் மியூடொரண்ட் 2.0 யு.டி.பி. மேல ஓடுற யு.டி.பி. நெறிமுறையை (பேர் குழப்பம்தான், இது 'மைக்ரோ டிரான்ஸ்போர்ட்') இயல்பாவே போட்டு வந்தப்போ இந்த வித்தை இன்னும் சுலபமாச்சு.

சில சமயம் கதவு ரெண்டுமே திறந்திருக்கும், ஆனா நடுவுல ஒருத்தர் குழி பறிப்பார். 2007-ல் அமெரிக்காவோட காம்காஸ்ட் நிறுவனம் அதைத்தான் செஞ்சது. பிட்டொரண்ட் இணைப்புகளுக்கு நடுவுல 'துண்டிச்சுக்கிறேன்' அப்படிங்கிற ரீசெட் பொட்டலத்தைப் போலியா நுழைச்சது, ஏதோ எதிராளியே அனுப்பின மாதிரி. ராப் டோபோல்ஸ்கி என்கிற வலைப்பின்னல் நிபுணர் பழைய காலத்துக் குழுப் பாடல்களைப் பகிரப் போய் இதைக் கண்டுபிடிச்சார். அக்டோபர்ல அசோசியேட்டட் பிரஸ் கிங் ஜேம்ஸ் பைபிளை அனுப்பிப் பார்த்து உறுதிப்படுத்தினது. 2008 ஆகஸ்ட்ல எஃப்.சி.சி. இது தப்புன்னு உத்தரவு போட்டது. 2010 ஏப்ரல்ல, எஃப்.சி.சி.க்கு அந்த அதிகாரம் இல்லைன்னு நீதிமன்றம் அதை ரத்து பண்ணினது.

பூட்டு வெளியே போனது

2011 பிப்ரவரி 3-ஆம் தேதி ஐ.ஏ.என்.ஏ. கையிலிருந்த கடைசி முகவரித் தொகுதிகளைக் கொடுத்து முடிச்சது. ஏப்ரல் 15-ஆம் தேதி, இந்தியாவையும் உள்ளடக்கின ஏபிநிக் தன்னோட கடைசித் தொகுதிக்கு வந்து ரேஷன் ஆரம்பிச்சது. இணைய நிறுவனங்கள் என்ன பண்ணுவாங்க? வீட்டுல இருந்த நாட்டைத் தங்களோட இடத்துலயும் போட்டாங்க. அதுக்குன்னே 2012 ஏப்ரல்ல ஆர்.எஃப்.சி. 6598 வழியா 100.64 முதல் 100.127 வரைக்கும் சுமார் 42 லட்சம் முகவரிகளை ஒதுக்கினாங்க. என் ரவுட்டர்ல தெரிஞ்ச 100.74 எங்கேருந்து வந்ததுன்னு இப்போ புரியுதா?

அதனால டொரண்ட் இணையலைன்னா நான் இப்போ பார்க்கிற வரிசை இது:

1. பட்டியல் காலியா, இல்லை ஆள் இருந்தும் இணையலையா? காலின்னா வேற பிரச்சினை.
2. மென்பொருள் எந்தப் போர்ட்டுல காத்திருக்கு, கணினியோட ஃபயர்வால் அதை விடுதா?
3. ரவுட்டர் காட்டுற வெளி முகவரியும், வெளியிலேருந்து தெரியற முகவரியும் ஒண்ணா? ஒண்ணுன்னா போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யும்.
4. வேற வேறயா? 192.168-ன்னு இருந்தா நடுவுல உங்களோட இன்னொரு ரவுட்டர் இருக்கான்னு பாருங்க. 100.64 முதல் 100.127-க்குள்ள இருந்தா ரவுட்டரோட மல்லுக்கட்டாதீங்க, பூட்டு உங்ககிட்ட இல்லை. காசு கொடுத்து பொது முகவரி வாங்கணும், இல்லைன்னா ஐ.பி.வி.6 இருக்கான்னு பார்க்கணும்.

ஐ.பி.வி.6-ல முகவரி 128 பிட். ஆளுக்கு ஒரு நம்பர்ங்கிற பழைய ஏற்பாடு அங்கே மறுபடி சாத்தியம். என் ரவுட்டர்ல அது அணைஞ்சு கிடந்தது. போட்டேன். ஐ.பி.வி.6-க்கும் ரவுட்டர் ஃபயர்வால் இருக்கும், அதுல அந்த ஒரு போர்ட்டை மட்டும் திறந்தேன். பத்து நிமிஷத்துல மூணு பேர்ல ஒருத்தர் வெளியிலேருந்து கூப்பிட்டார். மத்தியானத்துக்குள்ள கோப்பு முழுசா வந்துடுச்சு. அவர் யாரு, எந்த ஊருன்னு தெரியாது.

எனக்கு உறுத்துறது ஒண்ணுதான். நம்மால கூப்பிட மட்டும்தான் முடியும், நம்மை யாரும் கூப்பிட முடியாதுன்னா, பக்கத்துத் தெரு நண்பனுக்கு ஒரு ஃபோட்டோ கொடுக்கக்கூட நடுவுல எவனோ ஒரு பெரிய கம்பெனியோட சர்வர் வேணும். அந்தக் கம்பெனி கடையைச் சாத்தினா நம்ம கதையும் சாத்திடும். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யலை, நம்பர் பத்தலைன்னு போட்ட தற்காலிகக் கொட்டாய்தான். ஆனா பழகிட்டா கொட்டாய்தான் வீடுன்னு ஆயிடும்.

அந்த லினக்ஸ் கோப்பை நான் இன்னும் நிறுத்தலை. போர்ட் திறந்தே இருக்கு. நாலாவது ஆளா நானும் காத்திருக்கேன், யாராவது தட்டட்டும்.

டிஸ்கி: இது லினக்ஸ் மாதிரி பகிர உரிமை உள்ள கோப்புகளைப் பத்தின பதிவு. புதுப்படம் ஏன் இறங்கலைன்னு பின்னூட்டத்துல கேட்கப்படாது, ஆமா சொல்லிட்டேன் :-)