இரண்டு புத்தகங்களில் ஒரு கோட்டை

டன்பாய் என்ற பெயரை நம் வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கார்க் மாவட்டத்தில், பேரா என்ற தீபகற்பம் அட்லாண்டிக் மகாசமுத்திரத்துக்குள் விரலை நீட்டியதுபோல் கிடக்கிறது. அதன் கரையில், காஸில்டவுன்பேர் என்னும் மீன்பிடி ஊருக்குச் சற்றுத் தள்ளி, புல் மண்டிய மேடு ஒன்றில் சில கற்சுவர்கள் நிற்கின்றன. கோட்டை என்றதும் நம் மனத்தில் எழும் கொத்தளம், அகழி, யானை நுழையும் வாயில் எதையும் அங்கே எதிர்பார்க்கக்கூடாது. கீழ்த்தளத்துச் சுவர்கள் மட்டும் மிச்சம். மற்றதெல்லாம் 1602-ல் வெடிமருந்தில் போய்விட்டது.

நான் இந்த இடத்துக்கு ஒரு நாவலைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். டாஃப்னே டு மாரியர் 1943-ல் எழுதிய ‘ஹங்ரி ஹில்’ என்ற நாவல். செப்புச் சுரங்கம் வைத்துப் பணக்காரர்களான ஒரு குடும்பத்தின் ஐந்து தலைமுறைக் கதை. அதற்கு மூலமான பக்ஸ்லி குடும்பத்தின் மாளிகை இந்தச் சுவர்களுக்குப் பக்கத்திலேதான் இருக்கிறது. நாவல் சுவாரசியமானதுதான். ஆனால் மாளிகைக்குப் பின்னால் கிடக்கும் பழைய கற்களின் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு, நாவலை மூடி வைத்துவிட்டேன்.

பேரா நாட்டை ஆண்டவர்கள் ஓ’சல்லிவன் வம்சத்தார். மலையும் பாறையுமான அந்தப் பூமியில் விளைச்சல் அதிகம் கிடையாது. அவர்களுக்குச் சோறு போட்டது கடல். கோட்டைக்கு எதிரே இயற்கையாக அமைந்த அருமையான துறைமுகம் இருக்கிறது. ஸ்பெயினிலிருந்தும் பிரான்சிலிருந்தும் மீன் பிடிக்க வரும் படகுகள் அங்கே ஒதுங்கும். ஒதுங்குகிற படகு ஒவ்வொன்றும் தலைவனுக்கு வரி கட்ட வேண்டும். ஆகவே டன்பாய்க் கோட்டையை ஒரு சுங்கச் சாவடி என்று சொன்னாலும் பிசகில்லை. அதைக் கையில் வைத்திருப்பவனே பேராவின் தலைவன்.

அந்தத் தலைமைக்கு ஒரு வழக்கு நடந்தது. 1563-ல் தலைவர் கொல்லப்பட்டபோது அவருடைய மகன் டோனல் காம் இரண்டு வயதுக் குழந்தை. பழைய ஐரிஷ் வழக்கப்படி தலைமை தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போவதில்லை. குடும்பத்து ஆண்களில் வல்லவன் எவனோ அவனைத் தேர்ந்தெடுப்பார்கள். எனவே சித்தப்பா ஓவன் பதவிக்கு வந்தார். இங்கிலாந்து ராணியிடம் ‘சர்’ பட்டமும் வாங்கிக்கொண்டார். டோனல் வளர்ந்தான். 1587-ல் அவன் செய்த காரியம் வேடிக்கையானது. வாளை எடுக்கவில்லை, வக்கீல் மனுவை எடுத்தான். ‘இங்கிலீஷ் சட்டப்படி மூத்தவரின் மகனுக்கே சொத்து’ என்று ஆங்கில அதிகாரிகளிடமே முறையிட்டான். சில வருஷங்கள் இழுத்தடித்துத் தீர்ப்பு அவன் பக்கம் ஆயிற்று. கோட்டை கிடைத்தது, சித்தப்பா வீட்டின் பகையும் கூடவே கிடைத்தது. பங்காளிக் காய்ச்சல் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் அடிக்கிறது.

பின்னாளில் ஐரிஷ் மக்கள் டோனலை மாவீரனாக்கிவிட்டார்கள். ஆங்கிலேயரின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஆசனம் ஏறிய மனிதன், அதே ஆங்கிலேயரை எதிர்த்து எல்லாவற்றையும் இழந்தான் என்பதுதான் எனக்கு அவனிடம் பிடித்த விஷயம். கதை எழுதுகிறவனுக்கு அப்பழுக்கற்ற வீரனால் என்ன பிரயோஜனம்?

1601-ல் ஸ்பெயின் சைன்யம் ஒன்று கின்சேல் என்ற துறைமுகத்தில் வந்து இறங்கிற்று. எலிசபெத் ராணியை எதிர்த்து வடக்கே போராடிக்கொண்டிருந்த ஐரிஷ் தலைவர்களுக்கு உதவி செய்வதற்காக வந்த படை. டோனல் அவர்களை நம்பித் தன் கோட்டையை அவர்கள் கையில் ஒப்படைத்தான். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கின்சேலில் ஐரிஷ் படை சில மணி நேரத்துக்குள் சிதறியது. ஸ்பானியத் தளபதி டான் ஹுவான் தெல் ஆகிலா ஆங்கிலேயரோடு சமாதானம் பேசினார். நிபந்தனைகளில் ஒன்று, தம் வசம் இருந்த கோட்டைகளை எல்லாம் ஆங்கிலேயரிடம் கொடுத்துவிடுவது. டன்பாயும் அதில் சேர்த்தி! வீட்டுக்காரனைக் கேட்காமலே விருந்தாளி வீட்டை விற்றுவிட்டான்.

டோனல் சும்மா இருக்கவில்லை. 1602 பிப்ரவரியில் ஆட்களோடு உள்ளே புகுந்து, ஸ்பானியர்களை வெளியேற்றித் தன் கோட்டையைத் தானே பிடித்துக்கொண்டான். ஏன் இப்படிச் செய்தேன் என்று ஸ்பெயின் அரசர் மூன்றாம் பிலிப்புக்குக் கடிதமும் எழுதினான். அந்தக் கடிதம் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. அவர்கள் அதைப் பத்திரமாக வைத்திருந்து, பிறகு தங்கள் சரித்திரத்தில் அச்சிட்டும் விட்டார்கள். டோனலின் குரல் இன்று நமக்குக் கேட்கிறதென்றால் அதற்கு அவன் எதிரிகளுக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜூன் மாதம் மன்ஸ்டர் மாகாணத்தின் ஆங்கில அதிகாரி ஜார்ஜ் கேர்யூ படையோடு வந்து சேர்ந்தார். நாலாயிரம் பேருக்குக் குறையாது என்பார்கள். கோட்டைக்குள் இருந்தவர்கள் 143 பேர். டோனல் அப்போது உள்ளே இல்லை. தலைமை தாங்கியவன் ரிச்சர்ட் மெகாஹகன் என்ற வீரன். முற்றுகைக்கு முன்னால் அவனைப் பக்கத்துத் தீவுக்கு வரவழைத்துத் தாமண்ட் பிரபு பேசிப் பார்த்தார். அந்தப் பிரபுவும் ஐரிஷ்காரர்தான், ஆனால் ராணியின் பக்கம். பேச்சு பலிக்கவில்லை. கேர்யூவின் படையில் இன்னொரு தெரிந்த முகமும் இருந்தது: வழக்கில் தோற்ற சித்தப்பாவின் மகன்.

பீரங்கிகள் பேச ஆரம்பித்ததும் கோபுரம் இடிந்து விழுந்தது. அதற்குப் பிறகும் உள்ளே இருந்தவர்கள் இடிபாடுகளுக்குள் அடி அடியாகப் பின்வாங்கிச் சண்டை போட்டார்கள். கடைசியில் எஞ்சியவர்கள் நிலவறையில் ஒடுங்கினார்கள். அங்கே ஒன்பது பீப்பாய் வெடிமருந்து இருந்தது. மெகாஹகன் பிழைக்க முடியாத காயத்தோடு தரையில் கிடந்தான். மற்றவர்கள் சரணடைய முடிவு செய்து, ஆங்கிலேயர்கள் படியிறங்கி உள்ளே வந்தார்கள். அப்போது, செத்துவிட்டான் என்று எல்லோரும் நினைத்திருக்கக்கூடிய அந்த மனிதன் எழுந்தான். எரியும் மெழுகுவத்தி ஒன்றைக் கையில் எடுத்தான். தள்ளாடித் தள்ளாடித் திறந்திருந்த வெடிமருந்துப் பீப்பாயை நோக்கி நடந்தான். பவர் என்ற தளபதி பாய்ந்து அவனைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, சிப்பாய்கள் அவனைக் குத்திக் கொன்றார்கள். இன்னும் நாலு அடி நடந்திருந்தால் இரு தரப்பாரும் சேர்ந்தே போயிருப்பார்கள்.

சரணடைந்தவர்களில் 58 பேரை அன்றைக்கே தூக்கிலிட்டார்கள். மிச்சம் சிலரைப் பின்னால் தூக்கிலிட்டார்கள். உள்ளே அகப்பட்ட டொமினிக் காலின்ஸ் என்ற சேசு சபைச் சகோதரர் யூகால் நகரில் அக்டோபர் 31-ல் தூக்கில் தொங்கினார். 1992-ல் ரோமாபுரி அவருக்கு ‘அருளாளர்’ பட்டம் அளித்தது. மிச்சமிருந்த கோட்டையை அதே வெடிமருந்தை வைத்துக் கேர்யூ தகர்த்தார்.

இந்த நிலவறைக் காட்சி எதிரிகளின் புத்தகத்தில் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ‘பகாட்டா ஹிபர்னியா’ என்ற அந்த நூல் 1633-ல் லண்டனில் வெளிவந்தது. ‘அமைதியாக்கப்பட்ட அயர்லாந்து’ என்று பெயருக்குப் பொருள்! அதை வெளியிட்ட தாமஸ் ஸ்டாஃபோர்டு கேர்யூவுக்கு வேண்டியவர். தூக்கிலிட்டவர்களின் எண்ணிக்கையைச் சங்கோசமில்லாமல் எழுதுகிறார். இவ்வளவு பிடிவாதமான எதிர்ப்பை இந்த ராஜ்யத்தில் பார்த்ததில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். மெழுகுவத்தியைக் கற்பனை செய்ய வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அதனாலேயே நான் அதை நம்புகிறேன்.

மற்றொரு புத்தகம் 1621-ல் லிஸ்பனில் லத்தீன் மொழியில் அச்சாயிற்று. எழுதியவர் பிலிப் ஓ’சல்லிவன் பேர். டோனலுக்கு உறவு. 1602-ல் பையனாக ஸ்பெயினுக்குக் கப்பலேற்றப்பட்டவர். கோட்டையின் வீழ்ச்சிக்குப் பிறகு நடந்தவற்றை நாம் அவரிடம்தான் விவரமாகத் தெரிந்துகொள்கிறோம். டர்சி என்ற சிறு தீவில் ஆங்கிலப் படை புகுந்து, பெண்களும் குழந்தைகளுமாக முந்நூறு பேரைக் கொன்றது என்கிறார் அவர்.

டோனல் சில மாதம் மலைகளில் மறைந்து போராடினான். ஆடுமாடுகள் பறிபோனதும் சாப்பாட்டுக்கு வழியற்றுப்போயிற்று. 1602 டிசம்பர் 31-ஆம் தேதி, கடுங்குளிரில், கிளென்காரிஃப் பள்ளத்தாக்கிலிருந்து வடக்கே புறப்பட்டான். சுமார் ஆயிரம் பேர். அவர்களில் போர்வீரர்கள் 400 பேர்தான். மற்றவர்கள் பெண்கள், குழந்தைகள், வேலைக்காரர்கள். நடக்க முடியாத காயக்காரர்களை விட்டுவிட்டுப் போனார்கள். பின்னால் வந்த ஆங்கிலப் படை அவர்களைப் படுத்த இடத்திலேயே கொன்றது.

சுமார் 250 மைல். வழியெல்லாம் சண்டை. அடித்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலேயர் அல்ல. ராணியின் கோபத்துக்குப் பயந்த ஐரிஷ் பிரபுக்களின் ஆட்களே. இவர்களும் பசிக்கு ஊர் ஊராகக் கொள்ளையடித்துத்தான் போனார்கள். தங்கள் தானியத்தைக் காப்பாற்றத் தடியெடுத்த குடியானவனை எப்படிக் குறை சொல்வது?

ஷானன் ஆற்றைக் கடக்கப் படகு கிடைக்கவில்லை. குதிரைகளில் பன்னிரண்டை வெட்டி, மாமிசத்தைத் தின்றுவிட்டு, தோலை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி இரண்டு படகுகள் செய்தார்கள். ஒன்று பெரியது, நீளமானது. மற்றொன்று பரிசல் மாதிரி வட்டமான சிறு படகு. அது பத்துப் பேரோடு ஆற்றில் மூழ்கிவிட்டது. பெரிய படகு தாங்கிற்று. அக்கரையில் ஆக்ரிம் என்ற இடத்தில் தங்களைவிடப் பெரிய ஆங்கிலப் படையை இந்தப் பஞ்சைப் பரதேசிகள் எதிர்த்து நின்று, அதன் தளபதி ஹென்றி மால்பியையும் கொன்று, வழியை உண்டாக்கிக்கொண்டார்கள்.

1603 ஜனவரி 14-ஆம் தேதி லீட்ரிமில் ஓ’ரூர்க் பிரபுவின் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் 35 பேர். பதினெட்டு வீரர்கள், பதினாறு ஏவலாட்கள், ஒரே ஒரு பெண். எல்லோரும் செத்துவிடவில்லை, வழியில் சோர்ந்து பிரிந்தவர்களும் உண்டு. அந்த ஒரு பெண், புத்தகம் எழுதிய பிலிப்பின் தாயார். எழுபது வயதை நெருங்கிய தகப்பனாரும் உடன் வந்து சேர்ந்தார். அப்பாவும் அம்மாவும் நடந்த கதையைத்தான் பிள்ளை லத்தீனில் எழுதியிருக்கிறான். அதில் சற்று மிகை இருந்தால் இருக்கட்டும்.

இதற்குப் பத்து வாரங்களுக்குள் எலிசபெத் ராணி காலமானார். யுத்தமும் முடிந்தது. டோனலுக்கு மட்டும் நிலம் திரும்பவில்லை. ஸ்பெயினுக்குப் போனான், அரசர் பிரபுப் பட்டமும் மானியமும் கொடுத்தார். 1618-ல் மாட்ரிட் தெருவில், ஜான் பாத் என்ற டப்ளின்காரனுக்கும் பிலிப்புக்கும் நடந்த கத்திச் சண்டையில் குறுக்கிட்டு, அவன் கையால் இறந்தான். இத்தனை பீரங்கிக்குத் தப்பியவன்!

டன்பாயில் அதற்குப் பிறகும் ரத்தம் சிந்தாமலில்லை. 1754-ல் ஓ’சல்லிவன் வம்சத்து மோர்ட்டி ஓக் என்ற கள்ளக்கடத்தல்காரன், சுங்க அதிகாரியாக இருந்த ஜான் பக்ஸ்லியைச் சுட்டுக் கொன்றான். அதே ஆண்டில் சிப்பாய்கள் மோர்ட்டியைக் கொன்று, உடலைக் கப்பலின் பின்னால் கட்டிக் கார்க் நகரம் வரை இழுத்துப் போனார்கள். பக்ஸ்லிகளின் மாளிகையை 1921-ல் ஐரிஷ் குடியரசுப் படையினர் கொளுத்தினார்கள். இந்த நூற்றாண்டில் அதை ஆடம்பர ஹோட்டலாக்கக் கோடிக்கணக்கில் செலவழித்தார்கள். 2008-ல் வந்த பொருளாதார வீழ்ச்சியில் அந்த வேலை பாதியில் நின்றது.

டோனலின் கூட்டம் போன தடத்தை ஒட்டி இப்போது நடைபாதை ஒன்று போட்டிருக்கிறார்கள். அது லீட்ரிமோடு நிற்காமல் கவான் மாவட்டத்துப் பிளாக்லயன் வரை, 500 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. விடுமுறைக்கு வருகிறவர்கள், தோளில் மூட்டையும் கையில் வரைபடமுமாக, ஊர் ஊராகத் தங்கி நடக்கிறார்கள்.