916-ல் மீதி என்ன? தங்கத்துல கலக்குற உலோகங்களைத் தெரிஞ்சுக்கோங்க!

பாடி பக்கம் நகை வாங்கப் போறீங்களா? 22 கேரட், 18 கேரட்னு தனித்தனி விலை சொல்வாங்க. வித்தியாசம் எல்லாம் கலக்குற உலோகத்துலதான்.

24 கேரட் சுத்தத் தங்கம் ரொம்ப மிருது. நகையா போட்டா சீக்கிரம் வளையும், தேயும். அதனாலதான் செம்பு, வெள்ளி, துத்தநாகம் சேர்க்கிறாங்க.

22 கேரட் (916): ஒரு சவரன், அதாவது 8 கிராமில் 7.33 கிராம் தங்கம்.

18 கேரட் (750): 8 கிராமில் 6 கிராம்தான் தங்கம். ஆனா கெட்டி அதிகம். கல்லை இறுக்கமா பிடிக்கும். வைர நகைகள் பெரும்பாலும் இதில்தான்.

ரோஸ் கோல்டு: செம்பு கூடுதல், அதான் அந்தச் சிவப்பு.

ஒயிட் கோல்டு: பல்லேடியம் அல்லது நிக்கல் கலந்தது. நிக்கல் சிலருக்கு அரிப்பு தரும், கேட்டு வாங்குங்க. மேலே இருக்குற ரோடியம் பூச்சு தேய்ஞ்சா மறுபடி போடணும்.

கே.டி.எம்: காட்மியம் சேர்த்துப் பற்றவைத்த நகை. அந்தப் புகை பொற்கொல்லர்களின் நுரையீரலைப் பாதிக்கும். இது தூய்மைக்கான அரசு முத்திரையும் இல்லை.

வாங்கும்போது பி.ஐ.எஸ் முத்திரை, கேரட், 6 இலக்க ஹெச்.யு.ஐ.டி குறியீடு மூணையும் பாருங்க. குறியீட்டை 'பி.ஐ.எஸ் கேர்' ஆப்பில் போட்டா விவரம் வந்துடும். 18 கேரட் நகைக்கு 22 கேரட் விலை கொடுத்துட்டா, சவரனுக்கு 1.33 கிராம் தங்கத்தோட காசு போச்சு. பில்லில் கேரட்டை எழுதி வாங்க மறக்காதீங்க!