மலைப்பாதை எந்திரங்களும் உருளையின் அளவும்

1885இல் நானுஓயாவை எட்டிய இருப்புப்பாதை 1893இல் அப்புத்தளைக்கு வந்தது. பதுளையைச் சென்றடைய 1924 ஆயிற்று. இடையே பட்டிப்பொலவுக்கு அருகில் அது 6,226 அடி உயரத்தைத் தொடுகின்றது. நாற்பத்துநான்கு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றங்கள் அதிலுண்டு. இத்தகைய பாதையில் வண்டி மெல்லவே நகரும். எந்திரமோ நெடுநேரம் முழுவலுவோடு உழைத்தாக வேண்டும். ஆகவே எந்திரத்தின் வலுவோடு அதன் ஆயுளும் இங்கு ஆராயத்தக்கதாகின்றது.

கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவிலிருந்து 1954இல் வந்த எம் 2 வகை டீசல் இழுவைப்பொறிகள் ஒன்ராறியோ, அல்பேர்ட்டா முதலிய பெயர்களைத் தாங்கியிருந்தன. அவற்றினுள் அமைந்த ஜெனரல் மோட்டர்ஸ் எந்திரத்துக்கு 567 என்று பெயர். விந்தையான எண்ணெனத் தோன்றலாம். ஓர் உருளையின் கொள்ளளவே அது. உருளையின் உள்விட்டம் 8½ அங்குலம். பிஸ்டன் எனப்படும் முசலம் ஒருமுறை கடக்கும் தூரமாகிய அடிப்பு 10 அங்குலம். கணித்துப் பார்ப்பின் 567 கன அங்குலம் வரும். இவ்வாறான பன்னிரண்டு உருளைகள் 1,425 குதிரைவலுவைத் தந்தன.

1979இல் மேற்கு ஜேர்மனியின் ஹென்ஷெல் தொழிற்சாலையில் ஆக்கப்பட்ட எம் 6 வகையிலும் அதே குலத்து எந்திரமே இருந்தது. பெயர் மட்டும் 645. அடிப்பு மாறவில்லை. விட்டம் 9 1/16 அங்குலமாயிற்று. கொள்ளளவு நூற்றுக்குப் பதினான்களவில் பெருக, பன்னிரண்டு உருளைகளின் வலு 1,650 ஆக உயர்ந்தது.

அடிப்பை நீட்டாது விட்டத்தைப் பெருக்கியது ஏன்? 567 எந்திரம் நிமிடத்துக்கு 835 தடவை சுழல்கையில், முசலம் ஏறத்தாழ 1,390 அடி ஓடுகின்றது. அடிப்பு 11 அங்குலமாயின் அதே சுழற்சியில் 1,530 அடி ஓட வேண்டும். வளையங்களும் உருளைச் சுவரும் அதற்கேற்பத் தேயும். விட்டத்தைக் கூட்டினால் இவ்வோட்டம் கூடாது. ஆனால் முசலத்தின் முகப்பரப்பு பெருகுதலால், எரிவளியின் அழுத்தம் மாறாதிருப்பினும் தாங்கிகள் மீது விழும் விசை அதே விகிதத்தில் ஏறும். விட்டம் பெரிதாயின் வலுவும் பெரிது என்று மட்டும் பேசுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

வேறொரு நயமும் உண்டு. அடிப்பு மாறாமையால் 645இன் உருளைகளைப் பிற்கால 567 எந்திரங்களின் உடற்கூட்டிலேயே பொருத்த முடிந்தது. தேய்ந்த உருளையைத் தனியே கழற்றி மாற்றவும் இயன்றது. 1954இல் வந்தவற்றுட் சில அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஓடியமைக்குப் பழைய இரும்பின் உறுதியினும் இவ்வமைப்பே பெருங்காரணம் என்பது எம் கருத்து.

1980களின் நடுவில் அதே நிறுவனம் அடிப்பை 11 அங்குலமாக நீட்டி 710 என்னும் எந்திரத்தை ஆக்கியபோது, சுழல்தண்டையும் உடற்கூட்டையும் புதிதாகவே வகுக்க நேர்ந்தது.