கனரக வாகன எடை, அளவு வரம்புகள்: மும்பை

பொதுச் சாலையில் ஓடும் லாரி, டேங்கர், டிரைலர், பேருந்து ஆகியவை எவ்வளவு பாரம் ஏற்றலாம், எவ்வளவு அகலமும் உயரமும் இருக்கலாம் என்று சட்டம் விதிக்கும் உச்ச அளவுகள். இவை இந்தியா முழுமைக்கும் பொதுவானவை. ஆனால் மும்பையில் எந்த லாரி எந்தத் தெருவில் நுழையலாம் என்பதை முடிவு செய்வதில் அரசிதழைவிட நூறாண்டு தாண்டிய ரயில்வே மேம்பாலங்களுக்கே செல்வாக்கு அதிகம்.

மஸ்ஜித் பந்தர் அருகே கார்னாக் பாலம் 1868இல் கட்டப்பட்டபோது அதன்மேல் போனவை மாட்டு வண்டிகள். தாராவியையும் சயனையும் இணைத்த மேம்பாலம் 1912ஐச் சேர்ந்தது. பாலம் எந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும் என்று நாட்டுக்குப் பொதுவான அளவுகோலை வகுத்த இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1934இல்தான் பிறந்தது. அதற்கு வழிவகுத்த 1927ஆம் ஆண்டுக் குழுவின் தலைவர் பம்பாய் வழக்கறிஞர் எம். ஆர். ஜெயகர். அவருடைய ஊரின் முக்கியமான பாலங்கள் பல அதற்கு முன்பே எழும்பிவிட்டன.

1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டம், சந்தேகப்படும் லாரியை எடைமேடைக்குக் கொண்டுபோகவும், கூடுதல் பாரத்தை இறக்கச் சொல்லவும் அதிகாரிகளுக்கு உரிமை தருகிறது. மொத்த எடையோடு ஒவ்வொரு அச்சின்மீதும் விழும் எடையையும் சட்டம் கணக்கில் எடுக்கிறது. காரணம் உண்டு. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையின்படி, அச்சுப் பாரம் கூடினால் சேதம் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் கூடும். பாரம் இரட்டித்தால் சேதம் பதினாறு மடங்கு.

சட்டம் இருந்தும் ஓவர்லோடு ஓயவில்லை. சில மாநிலங்கள் முன்கூட்டியே பணம் வாங்கிக்கொண்டு 'கோல்டு கார்டு', டோக்கன் என்று அனுமதியே கொடுத்தன. 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது: அபராதம் கட்டினாலும் மிகுதிச் சரக்கை இறக்காமல் லாரி நகரக் கூடாது. 2019 திருத்தம் அபராதத்தை 2,000 ரூபாயிலிருந்து 20,000 ஆக்கியது. கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி.

இதற்கிடையே வரம்பே உயர்ந்தது. 2018இல் வந்த அறிவிக்கை நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சின் பாரத்தை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக்கியது. பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை 25இலிருந்து 28.5 டன்னுக்குப் போனது. சரக்குப் போக்குவரத்துச் செலவு குறையும் என்பது அரசின் வாதம். அச்சுப் பாரம் கூடியது எட்டில் ஒரு பங்குதான் என்றாலும், நான்காம் அடுக்குக் கணக்கில் சேதம் அறுபது சதவீதம் கூடுகிறது. அறிவிக்கைக்குச் சற்று முன்பு, அதே ஆண்டு ஜூலை 3 அன்று, அந்தேரி கோகலே பாலத்தின் நடைபாதை இடிந்து தண்டவாளத்தில் விழுந்திருந்தது. டெல்லி பாரத்தைக் கூட்டிய அதே பருவத்தில் மும்பை பாலங்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அளவு வரம்பில் அகலம் 2.6 மீட்டர், மாடிப் பேருந்தின் உயரம் 4.75 மீட்டர் வரை போகலாம். ஆனால் லாரி ஓட்டுநரைப் பதற வைப்பது ரயில் பாலத்துக்கு முன்னால் நிற்கும் உயரத் தடுப்புதான்: இருபுறமும் தூண், குறுக்கே ஓர் இரும்புச் சட்டம். மாதுங்கா கிங்ஸ் சர்க்கிளில் அம்பேத்கர் சாலைக்கு மேலே போகும் ரயில் பாலத்தில் லாரிகள் மோதுவதும் சிக்குவதும் பழைய கதை. சிக்கினால் கிளீனர் இறங்கி டயர்களில் காற்றைப் பிடுங்குவார். வண்டி சற்றே தாழ்ந்ததும் பின்னால் எடுப்பார்கள். சரக்கோடு நுழைந்த வண்டி, இறக்கிவிட்டுத் திரும்பும்போது வில்பட்டை எழும்பிக் கூடுதல் உயரமாகியிருக்கும் என்பதும் பலருக்கு அங்கேதான் உறைக்கிறது.

புதிய சாலைகளிலும் எல்லாக் கதவும் திறக்கவில்லை. 2024 ஜனவரி 12இல் திறந்த அடல் சேது வழியாக மும்பைக்குள் வரும் பல அச்சு லாரிகள், செம்பூர் செல்லும் கிழக்கு ஃப்ரீவேயில் ஏறக் கூடாது. சிவ்ரியில் இறங்கியாக வேண்டும்.

பழைய பாலங்கள் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. கார்னாக் பாலம் 2022 நவம்பரில் இடிக்கப்பட்டது. அங்கே 2025 ஜூலை 10இல் சிந்தூர் பாலம் திறந்தது. சயன் மேம்பாலம் 2024 ஆகஸ்ட் 1 முதல் மூடப்பட்டது. பரேல் எல்ஃபின்ஸ்டன் பாலம் 2025 செப்டம்பர் 12இல் மூடப்பட்டது.